நேர்மைக்கு நான்கு நிலை: திறன் அடிப்படையிலான கல்வியில் அறத்தை மதிப்பிடுவது சரியா?

கேள்வி | 3 மார்ச்

என் மகள் படிக்கும் பள்ளி அடுத்த ஆண்டு திறன் அடிப்படையிலான கல்விக்கு மாறுகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். கணக்கு, அறிவியல், மொழியோடு நேர்மை, பொறுப்பு, பரிவு, ஒத்துழைப்பு நான்கும் அதில் 'திறன்கள்' என்று இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது. மதிப்பெண் இல்லாத எதையும் பள்ளிகள் கண்டுகொள்வதில்லை. அளந்தால்தானே வளர்ப்பார்கள்? இங்கே இருக்கும் ஆசிரியர்கள் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

3 மார்ச், இரவு

முகம் சுளிப்பவர்களில் நானும் உண்டு. ஆனால் பாதிக்குத்தான்.

அந்தத் தாளில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பாடத்தைத் தனித்தனித் திறன்களாகப் பிரித்து, ஒரு பிள்ளை அதில் தேறும்வரை நேரம் கொடுப்பது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதியதிலிருந்தே இந்தப் பேச்சு இருக்கிறது. வழக்கமான வகுப்பில் எல்லோருக்கும் ஒரே நேரம், கற்றது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. புளூம் அதைத் திருப்பிப் போடச் சொன்னார். இதில் எனக்குச் சண்டையே இல்லை. 'தோற்றுவிட்டாய்' என்பதற்குப் பதிலாக 'இன்னும் வரவில்லை, மறுபடி செய்' என்று கேட்கும் பிள்ளைக்குக் காப்பியடிக்க வேண்டிய அவசரம் குறைகிறது. இதை வகுப்பில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, அதே அச்சில் நேர்மையையும் பரிவையும் ஊற்றி எடுப்பது. பின்னத்தைக் கூட்டத் தெரியுமா என்பதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு பிள்ளை நேர்மையானவளா என்பதை எத்தனை நிமிடத்தில் பார்ப்பீர்கள்? யாரும் பார்க்காதபோது அவள் என்ன செய்கிறாள் என்பதில்தான் அது இருக்கிறது. நீங்கள் தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் போய் நின்றதும் 'யாரும் பார்க்காதபோது' என்பது போய்விட்டது.

4 மார்ச்

'ஆசிரியர்கள் வேலை கூடும் என்றுதான் எதிர்க்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேலை கூடாது ஐயா, அதுதான் பிரச்சினையே. அந்தப் படிவம் எப்படி நிரம்புகிறது என்று சொல்கிறேன்.

இடப்பக்கம் பெயர்கள். மேலே குறுக்காக நேர்மை, பொறுப்பு, பரிவு, ஒத்துழைப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இது கணினியில் இருந்தது. கடைசித் தேதிக்கு முந்தைய மாலை ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால், யாரும் ஒவ்வொரு பிள்ளையாகப் போவதில்லை. முதல் கட்டத்தில் 3 போட்டு, இழுத்துக் கீழே விட்டால் வகுப்பு முழுக்க நேர்மை 3. பிறகு கைவேலை: சத்தம் போடும் பையன்களுக்கு அங்கங்கே ஒரு 2. நன்றாகப் படிப்பவர்களுக்கு 4. வாயைத் திறக்காத பிள்ளைக்குப் பொறுப்பில் 4, அவள் பொறுப்பானவளா என்று யாருக்கும் தெரியாது, தொந்தரவு தரவில்லை, அவ்வளவுதான். 1 யாருக்கும் கிடையாது. 1 போட்டால் பெற்றோர் வருவார்கள், ஆதாரம் கேட்பார்கள்.

ஆக நேர்மை என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வகுப்பு முழுக்கப் பொய். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பார்க்கவே முடியாததைப் பார்த்ததாக எழுதச் சொன்னால் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள்.

4 மார்ச், சற்று கழித்து

ஆதாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் சொன்ன அதே பள்ளியில் அதற்கடுத்த ஆண்டு, நிலைகளுக்குப் புகைப்படச் சான்று இணைக்கச் சொன்னார்கள். 'சுற்றுப்புறப் பொறுப்பு' என்பதற்காகப் பிள்ளைகள் மைதானத்தில் தாள் பொறுக்கும் படம் எடுக்க வேண்டும். முதல் படத்தில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். மறுபடி எடுக்கலாம் என்றால் மைதானம் சுத்தமாகிவிட்டது. சரி, பொறுக்கிய தாளை மறுபடி போடுங்கள் என்றார் படம் எடுத்தவர். பிள்ளைகள் ரொம்ப உற்சாகமாகப் போட்டார்கள். அன்று அவர்கள் எதையோ கற்றுக்கொண்டார்கள் என்பது உறுதி. எந்த நிலை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

6 மார்ச்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, 'உங்கள் பள்ளி மோசமாகச் செய்தது என்பதற்காக முறையையே தள்ளலாமா?' என்கிறார். நியாயமான கேள்வி. ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ஒழுங்காகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளை வைத்து ஆய்வு நடத்தி, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அவர்கள் கேள்வித்தாளோடு நிற்கவில்லை. ஏமாற்ற, பொய் சொல்ல, எடுத்து வைத்துக்கொள்ள உண்மையான வாய்ப்புகளை ஏற்படுத்தினார்கள். பிள்ளைகள் தங்கள் விடைத்தாளைத் தாங்களே திருத்தலாம், ஆனால் முன்பு என்ன எழுதியிருந்தார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரியும், இந்த மாதிரி. கிடைத்தது என்ன? வகுப்பில் ஏமாற்றாத பிள்ளை விளையாட்டில் ஏமாற்றலாம். தேர்வில் ஏமாற்றுபவன் காசு விஷயத்தில் சுத்தமாக இருக்கலாம். ஓர் இடத்து நேர்மையை வைத்து இன்னோர் இடத்தைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. நல்லது கெட்டது பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்கும் நடத்தைக்கும் தொடர்பு மெலிசாகத்தான் இருந்தது.

அந்த அளவு உழைப்புப் போட்டவர்களுக்கே 'இந்தப் பிள்ளை நேர்மையில் நிலை 3' என்று சொல்ல முடியவில்லை. நமக்குக் கட்டத்தை இழுத்துவிடும் வசதி இருக்கிறது, சொல்லிவிடுகிறோம்.

6 மார்ச், பிற்சேர்க்கை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு 'அப்படியானால் குணம் என்று ஒன்றே கிடையாதா?' என்று கேட்டால், இல்லை, அவ்வளவு தூரம் போக வேண்டாம். அதே தரவைப் பிற்பாடு மறுபடி அலசியவர்கள் பல சூழல்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பொதுப் போக்கு தெரிவதாகச் சொன்னார்கள். அதாவது ஒருமுறை பார்த்தது எதற்கும் ஆகாது, பல இடங்களில் பலமுறை பார்த்தால் கொஞ்சம் பேசலாம். வீட்டில் அப்பா அம்மாவுக்கு அந்த வாய்ப்பு உண்டு. வாரத்தில் சில பாடவேளை மட்டும் வந்து போகும் ஆசிரியருக்கு இல்லை.

7 மார்ச்

'அறச் சிந்தனையையாவது திறனாக மதிப்பிடலாமே, கோல்பர்க் செய்தாரே' என்று ஒரு பின்னூட்டம். ஆமாம், உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் செய்தார். மனைவிக்கு மருந்து வாங்கக் காசில்லாத ஒருவன் திருடலாமா என்ற கதையைச் சொல்லி, ஏன் என்று கேட்டார். 'ஆம்', 'இல்லை' என்ற பதில் அவருக்கு முக்கியமில்லை. காரணம் சொல்லும் விதத்தை வைத்துப் படிநிலை வகுத்தார். தண்டனைக்குப் பயந்த காரணம் கீழே, கொள்கை சார்ந்த காரணம் மேலே.

இதை வகுப்பில் செய்யலாம், மதிப்பிடவும் செய்யலாம். ஆனால் அளப்பது நியாயம் பேசும் திறனை. நடந்துகொள்ளும் விதம் வேறு. 1980-இல் ஆகஸ்டோ பிளாசி என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார். அறச் சிந்தனைக்கும் செயலுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அதை நம்பித் தீர்ப்பெழுத முடியாது என்ற அளவில்தான் இருந்தது.

எனக்குப் பிடித்தது ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டியது. ஒருவர் நல்லதைச் செய்ய நான்கு வேண்டும் என்றார். இங்கே ஒரு அறச்சிக்கல் இருக்கிறது என்று கண்ணில் படவேண்டும். எது சரி என்று முடிவு செய்யத் தெரியவேண்டும். மற்ற ஆசைகளை விட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில், கஷ்டம் வந்தாலும் முடிக்கும் உறுதி வேண்டும். முதல் இரண்டையும் பாடமாக நடத்தலாம், பயிற்சி தரலாம், தாராளமாக நிலையும் போடலாம். பின் இரண்டுக்கும் நிலை போட்டால் என்ன அளந்தோம் என்றே தெரியாது. பள்ளிகளின் தாளில் இந்த நான்கையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறார்கள். என் சண்டை அங்கேதான்.

(நியாயம் பேசும் திறனில் எப்போதும் முதலிடம் பெற்ற ஒரு மாணவன் எனக்கிருந்தான். ஆய்வகக் குறிப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து எழுதி வாங்குவான். பிடித்துக் கேட்டபோது, உழைப்பைப் பகிர்வது பற்றி ரெஸ்டே அசந்துபோகும் ஒரு விளக்கம் கொடுத்தான்.)

9 மார்ச்

இங்கே ஒரு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் எழுதிய பதிலைத் தவறவிடாதீர்கள். 'எங்கள் துறையில் இதை எப்போதோ செய்துவிட்டோம்' என்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் மருத்துவர் பயிற்சிக்கான ஆறு அடிப்படைத் திறன்கள் 1999-இல் வகுக்கப்பட்டபோது தொழில்முறை நடத்தையும் அதில் ஒன்று. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிடை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்: அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அடுத்து 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்கிறார்'. தேர்வு மூன்றாவது படியோடு நின்றுவிடும். அறம் நான்காவதில் இருக்கிறது.

ஆனால் அவர் சுட்டிய 2005 ஆய்வு என்னைக் கொஞ்சம் நகர்த்தியது. மாக்சின் பாபடாகிஸும் மற்றவர்களும் செய்தது. பிற்காலத்தில் மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் மன்றங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மருத்துவர்களை எடுத்து, அவர்களுடைய மாணவப் பருவக் கோப்புகளைப் புரட்டினார்கள். அப்படி ஆளாகாதவர்களோடு ஒப்பிட்டால், கல்லூரியில் தகாத நடத்தைக்கான பதிவு இவர்களிடம் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதிலும் கனத்த தொடர்பு காட்டியவை இரண்டு: கடுமையான பொறுப்பின்மை, குறையைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளவே முடியாத தன்மை.

கவனியுங்கள், அந்தக் கோப்புகளில் வேலைக்கு ஆனது 'பரிவு 4' என்ற மாதிரிக் குறிப்பு இல்லை. இன்ன நாள் வரவில்லை, இன்னது சொன்னபோது இப்படி எதிர்கொண்டார் என்று யாரோ உட்கார்ந்து எழுதிவைத்த சம்பவங்கள். நல்ல குணத்துக்கு நிலை போடுவது நடக்காத காரியம். திரும்பத் திரும்ப நடக்கும் தவறைக் கவனித்து, எழுதி, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது நடக்கக்கூடிய காரியம். இரண்டும் ஒரே மதிப்பீட்டின் இரு முனைகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, இரண்டும் வேறு வேலை.

9 மார்ச், இன்னொன்று

அதற்குள் ஒருவர் 'அப்படியானால் கறுப்புப் புள்ளிப் பட்டியல் வைக்கலாம்' என்று கிளம்பிவிட்டார். வேண்டாம். அந்த ஆய்விலேயே, நடவடிக்கைக்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கோப்பில் எந்தப் புகாரும் இல்லை. புகார் இருந்தவர்களில் பலர் பிற்பாடு ஒழுங்காகவே தொழில் செய்தார்கள். ஒரு பதினோரு வயதுப் பையனைப் பற்றி இதை வைத்து ஆரூடம் சொன்னால் அது பெரிய அநியாயம்.

10 மார்ச்

பரிசு, நட்சத்திரம், 'இந்த மாதத்தின் நல்ல மாணவர்' பற்றிக் கேட்டவருக்கு. வார்னக்கன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கக் குழந்தைகள் தாமாகவே ஓடி வரும். உதவியதற்குப் பொருளாகப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசை நிறுத்திய பிறகு, மற்றவர்களை விடக் குறைவாக உதவின. நடக்கப் பழகி வெகு நாள் ஆகாத குழந்தைகள் இவை! பரிவுக்கு நிலை போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

'அப்படியானால் அபராதம்?' அதற்கும் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வு. தாமதம் கூடியது. காசு கொடுத்தாயிற்றே, இனி என்ன குற்ற உணர்ச்சி? அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. இதில் மாட்டியது பெரியவர்கள்தான், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

12 மார்ச்

நாடுகள் எப்படிச் செய்கின்றன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த மூன்று மட்டும்.

கென்யா 2017-இல் வெளியிட்ட கலைத்திட்டக் கட்டமைப்பு திறன் அடிப்படையிலானது. அன்பு, பொறுப்பு, மரியாதை, ஒற்றுமை, சமாதானம், நாட்டுப்பற்று, சமூக நீதி, நேர்மை என்று விழுமியங்களையும் அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். விழுமியங்களைத் தனி வகுப்பாக ஒதுக்காமல் பாடங்களுக்குள் கொண்டுவருவது அந்தத் திட்டத்தின் எண்ணம். எண்ணம் எனக்குச் சம்மதம்.

தென்கொரியாவில் நன்னடத்தைக் கல்விக்கென்றே தனிச் சட்டம் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இது எண்ணப்படுமோ என்ற பேச்சு எழுந்ததும், நன்னடத்தைக்குத் தனிப்பயிற்சி, சான்றிதழ் என்று கடைகள் முளைத்தன. வேறென்ன நடக்கும்? சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே எச்சரித்தார்: ஒரு அளவையை வைத்து எவ்வளவுக்கு முக்கியமான முடிவுகளை எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த அளவையும் கெடும், அது அளக்க வந்த காரியமும் கெடும்.

ஜப்பான் கொஞ்சம் நிதானமாகச் செய்தது. நன்னெறியை 2018-இல் தொடக்கப்பள்ளியிலும் 2019-இல் கீழ்நிலை இடைநிலைப் பள்ளியிலும் முறையான பாடமாக்கினார்கள். ஆனால் எண் கிடையாது. ஆசிரியர் வாக்கியமாகத்தான் எழுத வேண்டும், பிற பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடாது, மேல்பள்ளிச் சேர்க்கைக்கு அனுப்பும் அறிக்கையில் இது போகக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. அதை எடுத்துவிட்டால் வாக்கியமும் ஒரு வாரத்தில் எண்ணாக மாறிவிடும். 'சிறப்பாகச் செய்கிறார்', 'நன்றாகச் செய்கிறார்', 'செய்கிறார்' என்று நாமே ரகசியப் படிக்கட்டு கட்டிவிடுவோம்.

13 மார்ச்

தடம் மாறுகிறது, ஆனாலும் பரவாயில்லை. பின்னூட்டங்களில் குழுவேலை பற்றிய சண்டை தனியாக ஓடிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

ஒருத்தி உழைத்து நான்கு பேர் மதிப்பெண் வாங்கும் குழுவேலை எந்தத் திறனையும் வளர்க்காது. அந்த ஒருத்திக்கு உலகத்தின் மீது கசப்பை வளர்க்கும். நான் செய்வது: குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒருவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை எழுதித் தரவேண்டும். 'நன்றாக ஒத்துழைத்தான்' என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'வரைபடத்தில் அளவு தப்பியதை இவன்தான் கண்டுபிடித்தான்' என்றால் சரி. ஒன்றும் செய்யாதவனைப் பற்றி எழுத உட்காரும் பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்ப்பாள். அவனும் பார்ப்பான். அங்கே நடப்பதுதான் எனக்கு வேண்டியது. அதற்கு நான் நிலை போடுவதில்லை.

15 மார்ச்

முதல் பதிவில் 'மறுபடி செய்' என்பதைப் புகழ்ந்தேன். அதிலும் ஓட்டை உண்டு என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். மறுவாய்ப்பு இலவசமாகக் கிடைத்தால் முதல் முறையை ஒத்திகையாக எழுதும் கூட்டம் உருவாகும். 'எப்படியும் இன்னொரு தடவை உண்டு சார்' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதனால் மறுமுறை கேட்பவர், முதல் முறை எங்கே தடுக்கியது, இப்போது என்ன மாற்றினேன் என்று நாலு வரி எழுதித்தான் கேட்க வேண்டும். அந்த நாலு வரியில் ஒரு பிள்ளை 'கேள்வி கஷ்டம்' என்பதிலிருந்து 'நான் அலகைப் பார்க்கவே இல்லை' என்பதற்கு நகர்வதைப் பார்க்கிறேன். பாபடாகிஸ் கோப்புகளில் ஆபத்தானவர்களிடம் இல்லாமல் போனது இதேதான், திருத்திக்கொள்ளும் தன்மை. அதை வளர்க்கப் பொறுப்பு என்ற தனிக் கட்டம் தேவைப்படவில்லை, கணக்குப் பாடமே போதுமாக இருந்தது.

இன்னோர் ஓட்டை: நிலை எண் பட்டப்பெயராகிவிடும். 'அவன் இன்னும் ரெண்டுதான்' என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பழைய ரேங்க் பட்டியலுக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. நிலை இருப்பது அந்தப் பின்னக் கணக்குக்கு, அவனுக்கு இல்லை என்று ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

18 மார்ச்

கேள்வி கேட்டவரின் கடைசிப் பின்னூட்டம்: 'சரி, பள்ளி கட்டாயம் என்று சொல்லிவிட்டது. இனி எதைக் கேட்பது?'

மூன்றைக் கேளுங்கள். எண்ணுக்குப் பதில் வாக்கியம் எழுத முடியுமா? அது சேர்க்கைக்கோ பரிசுக்கோ எங்காவது போகிறதா? ஆசிரியர் தன் பாடத்துக்குள் பார்த்ததை மட்டும் எழுதினால் போதுமா?

வாக்கியம் என்றால் இப்படி. 'மாணவி நேர்மையானவர்' வேண்டாம். 'சோதனையில் எதிர்பார்த்த விடை வராதபோது, வந்த எண்ணையே குறிப்பேட்டில் எழுதி, ஏன் வந்திருக்கலாம் என்று கேட்டார்' என்றால் உங்கள் மகளுக்கு எதைத் தொடர வேண்டும் என்று தெரியும். சார் கவனித்திருக்கிறார் என்பதும் தெரியும். குறையும் அப்படியே: 'குழுவில் தன் பங்கை இருமுறை கடைசி நாளில் கொடுத்தார், பேசினோம், மூன்றாவது முறை முன்கூட்டியே சொன்னார்.'

18 மார்ச், இரவு

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒன்று. நான்கு நிலைகளோடு ஐந்தாவதாக 'கவனிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை' என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான கட்டங்களுக்கு அதுதான் உண்மையான பதில். நாங்கள் கேட்டபோது மென்பொருள் ஏற்காது, கட்டம் காலியாக இருந்தால் சிவப்பாக ஒளிரும், அறிக்கை அச்சாகாது என்றார்கள். பிறகு குறிப்புரைப் பகுதியில் அந்த வரியை எழுதி, எண்ணைத் தலைமையாசிரியரே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டோம். இரண்டாம் பருவத்தில் ஐந்தாவது நிலை வந்துவிட்டது.